ஒரே சாட்சியின் பேரில் தீர்ப்பு வேண்டாம்



இந்த வாரம் நான் எழுதுவது ஒரு வண்டியின் பழுதைப் பற்றி. போதகருக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த வண்டி நம் சபையின் வேன். அதற்குச் செலவான பணம் உங்கள் காணிக்கை. அதில் 18,000 ரூபாய் வீணாய்ப் போயிற்று. வீணாய்ப் போனதற்குக் காரணம், தீர ஆராயாமல் நான் சொன்ன ஒரு சொல். ஆகையால் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் நான். அதை ஒப்புவிக்கும்போதே, உங்களில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கும், தவணையில் கார் வாங்கியிருப்பவர்களுக்கும் பயன்படும் சில காரியங்களையும் சொல்ல விரும்புகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மாலை, தருமபுரியில் வைத்தியம் பார்த்துக்கொண்ட முதியவர் மூவரை ஏற்றிக்கொண்டு வந்த நம் வேன், அதியமான்கோட்டையில் சேலம் சாலை பிரியுமிடத்தில் நின்றுபோனது. சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினார்கள். எஞ்சின் கணினியோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று அது காட்டியது. மீட்டரை வைத்துப் பார்த்தவர், "பன்னிரண்டு வோல்ட் சரியாக வருகிறது, ஆனாலும் பெட்டி பேசவில்லை. இசிஎம் போய்விட்டது, ஐயா" என்றார். புதியதற்கு 48,000 ரூபாய் ஆகும். பழைய வண்டியிலிருந்து கழற்றியது 18,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்.

அன்று மாலை கமிட்டியில் மூப்பர் ஒருவர், "இன்னொருவரிடமும் காட்டலாமே" என்றார். "ஸ்கேனரே சொல்லிவிட்டது, இனி யாரிடம் காட்டுவது?" என்று பதில் சொன்னவன் நான்தான். வேறொரு பேச்சும் அங்கே எழுந்தது. நம் வேனை ஓட்டிவந்த தம்பி, அதற்கு முந்தின வாரம் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு செட்டை அதில் மாட்டியிருந்தார். அவர் வயரைத் தொட்டதால்தான் பெட்டி எரிந்துபோனது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தார்கள். நான் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வாசலில் நின்றிருந்த தம்பி உள்ளே வந்து, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெளியூரிலிருந்து பார்சலில் வந்த பெட்டியைப் பொருத்தினார்கள். வண்டி அப்போதும் எழும்பவில்லை. அந்தப் பெட்டியும் பேசவில்லை. மின்சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று விற்றவர் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை மூப்பரே அழைத்துவந்தார். அவர் கையில் விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. வண்டியின் பின்விளக்கில் போடும் சாதாரண பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு மணி நேரம் பொறுமையாய்ப் பார்த்தபின், பேட்டரித் தட்டின் அடியில், கணினிக்குரிய எர்த் வயர் உலோகச் சட்டத்தோடு இணையும் போல்ட்டைக் காட்டினார். அது பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. அதைக் கழற்றி, சுரண்டித் துடைத்து, புதிய முனை வைத்து முடுக்கினார். பழைய பெட்டியையே திரும்ப மாட்டினார். சாவியைத் திருகியவுடன் வண்டி எழும்பியது.

அவர் கேட்ட கூலி 400 ரூபாய். நாம் அதற்குமுன் இழந்தது 18,000 ரூபாய். நம் தாய்மார் அடுப்பங்கரையில் ஒவ்வொரு வேளையும் ஒதுக்கிவைத்த கைப்பிடி அரிசியின் காணிக்கையும் அந்தத் தொகையில் இருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அந்தப் பெட்டி செய்கிற வேலை

நாம் எதைக் குற்றவாளி என்று தீர்த்தோமோ, அதைப் பற்றி முதலில் அறிந்துகொள்வோம். இசிஎம் என்றும் இசியூ என்றும் பட்டறைகளில் அழைக்கப்படும் எஞ்சின் கணினி, ஒரு புத்தகத்தின் அளவுள்ள உலோகப் பெட்டி. எஞ்சின் எந்த நிலையில் சுழல்கிறது, எவ்வளவு சூடாயிருக்கிறது, எவ்வளவு காற்று உட்செல்கிறது, ஓட்டுநரின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பவற்றை சென்சார்கள் அதற்கு அறிவிக்கின்றன. அது கணக்கிட்டு, எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு எரிபொருள் என்று இன்ஜெக்டர்களுக்குக் கட்டளையிடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது, நொடிக்கு நூறு முறை எரிபொருள் தரவேண்டியிருக்கிறது. இந்த நூறையும் அது தவறாமல் நடத்துகிறது.

முன்னாட்களில் கார்புரேட்டரும் டீசல் பம்ப்பும் இயந்திர முறையிலேயே இந்த வேலையைச் செய்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, வேலை கணினியின் கைக்கு வந்தது. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதியும் நடைமுறைக்கு வந்தபின், நம் சாலையில் போகும் புதிய லாரியாயினும் சிறு சரக்கு வண்டியாயினும் கணினியின்றி இல்லை. ஸ்டியரிங்கின் அடியில் பதினாறு முனை கொண்ட ஒரு கப்ளர் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஸ்கேனர் அங்கேதான் பொருந்துகிறது.

இந்தப் பெட்டியை அறியாமல் பழிப்பது போலவே, அறியாமல் அதை வேலை செய்யவிடாமல் தடுப்பதும் உண்டு. நமக்குத் தெற்கே தொப்பூர் கணவாய் இருக்கிறது. அதன் இறக்கத்தில் நடந்த விபத்துகளை நாம் அறிவோம். டீசல் மிச்சமாகும் என்று எண்ணி, கியரை நியூட்ரலில் போட்டு இறங்குகிற வழக்கம் சில ஓட்டுநர்களிடம் இன்றும் இருக்கிறது. கணினி உள்ள எஞ்சினில் இந்தக் கணக்கு தலைகீழானது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால், கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆக, டீசலும் செலவாகிறது. எஞ்சின் தரும் தடுப்பும் போய்விடுகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. ஓட்டுநராயிருக்கிற சகோதரர்களே, இதைத் தயவாய் மனதில் வையுங்கள்.

மூன்று சாட்சிகள்

ஒரு மனிதன்மேல் சுமத்தப்படும் குற்றம் ஒரே சாட்சியால் நிலைபெறக் கூடாது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற பழைய நியாயத்தை நான் பலமுறை உங்களுக்குப் போதித்திருக்கிறேன். அந்த நியாயத்தைப் பட்டறை வாசலில் மறந்துபோனேன். இப்பொழுது அந்த ஒழுங்கின்படியே சொல்கிறேன்.

முதல் சாட்சி ஸ்கேனர். அதன் வாக்குமூலத்தைக் கேட்கவேண்டும். அதையே தீர்ப்பாக்கக் கூடாது. ஸ்கேனர் காட்டும் எண், எந்த மின்சுற்றிலிருந்து வழக்கத்திற்கு மாறான செய்தி வந்தது என்பதைத்தான் சொல்கிறது. எந்த உதிரிப்பாகத்தை மாற்றவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. ஒரு சென்சாரின் பேரில் எண் வந்தால், கெட்டது சென்சாராயிருக்கலாம், அதற்குப் போகும் வயராயிருக்கலாம், தளர்ந்த கப்ளராயிருக்கலாம், எலி கடித்த இடமாயிருக்கலாம். கணினியின் உள்ளே கோளாறு என்று நேராகச் சொல்லும் பி0601, பி0606 போன்ற எண்களும் உண்டு. பேட்டரி இறங்கியிருக்கும்போதோ எர்த் தளர்ந்திருக்கும்போதோ அந்த எண்கள்கூடப் பொய்யாய் எழலாம். ஆகவே வந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, எது திரும்ப வருகிறது என்று பார்ப்பதே முறை.

ஸ்கேனருக்குப் பதிலே கிடைக்காவிட்டாலும் பெட்டி செத்துவிட்டது என்று பொருளில்லை. மௌனத்திற்குக் காரணங்கள் பல. மின்சாரம் சேராதிருக்கலாம், பியூஸோ மெயின் ரிலேயோ போயிருக்கலாம், ஸ்கேனரையும் கணினியையும் இணைக்கும் இரட்டை வயர் எங்கேனும் அறுந்திருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் பதினாறு முனைக் கப்ளரின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கிடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால், பாதை ஒரு பக்கம் அறுந்திருக்கிறது என்று அறியலாம்.

இரண்டாம் சாட்சி மின்சாரம். எந்தப் பெட்டியையும் குற்றப்படுத்துமுன், அதற்குச் சோறு போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவேண்டும். ஓய்வாயிருக்கும் நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்கவேண்டும். வண்டி ஓடும்போது பொதுவாகப் பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையே இருக்கும். இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நம் வேனின் விஷயத்தில் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. அது பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. மீட்டர் தனக்கென்று மின்சாரத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. பாரம் இல்லாதபோது, அரித்துப்போன இணைப்பும் ஒற்றை இழை வயரும்கூட முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அந்தப் பெரியவர் கொண்டுவந்த 21 வாட் பல்பு ஒன்றேமுக்கால் ஆம்பியர் மின்சாரத்தைக் கேட்கிறது. அதைக் கணினியின் கப்ளரில், மின்சாரம் வரும் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே இணைத்தார். பல்பு மினுக்கென்று மங்கியது. பாரம் ஏற்றியபோதுதான் இணைப்பின் உண்மை நிலை வெளிப்பட்டது. பிறகு பல்பை எரியவிட்டபடியே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைக் கப்ளரின் எர்த் முனையிலும் வைத்து அளந்தார். நல்ல எர்த்தில் இந்த இழப்பு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்று, இரண்டுக்குமேல் போகாது. நம் வண்டியில் பல வோல்ட்டுகள் அங்கேயே தொலைந்துகொண்டிருந்தன.

மூன்றாம் சாட்சி அயலார். கணினி தன் சென்சார்கள் பலவற்றுக்குப் பொதுவாக ஐந்து வோல்ட் மின்சாரம் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும், ஐந்து வோல்ட் முழுவதும் விழுந்துபோகும். அப்போது குற்றமில்லாத மூன்று நான்கு சென்சார்களின் பேரிலும் எண்கள் வரும். சில வண்டிகளில் கணினியே பேச்சற்றுப் போகும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. மீட்டரில் ஐந்து வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே, சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாய்க் கழற்றவேண்டும். எதைக் கழற்றும்போது ஐந்து வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுவே குற்றவாளி. எதைக் கழற்றியும் திரும்பாவிட்டால், வயரையும் பார்த்து முடித்தபின்பே பெட்டியின்மேல் கை வைக்கலாம்.

இந்த மூன்று சாட்சிகளும் ஒருமுகமாய்ச் சொல்லுமுன் பெட்டியை மாற்றுவதற்குக் காசு எடுக்காதீர்கள். என் கருத்து இதுதான். பட்டறைக்காரர் எவ்வளவு உறுதியாய்ப் பேசினாலும், "மின்சாரத்தையும் எர்த்தையும் பாரம் ஏற்றிப் பார்த்தீர்களா? ஐந்து வோல்ட் பார்த்தீர்களா?" என்று தாழ்மையோடு இரண்டு கேள்வி கேளுங்கள். நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளால் புண்படமாட்டார்.

பெட்டியே குற்றவாளியாகும் வேளைகள்

ஒருபோதும் கெடாத பெட்டி என்று ஒன்று உலகத்தில் இல்லை. 2010 ஆகஸ்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2005 முதல் 2008 வரையிலான மாடல் கரோலா, மேட்ரிக்ஸ் கார்களில் ஏறத்தாழ 11 லட்சத்து 30 ஆயிரத்தைத் திரும்ப அழைத்தது. அவற்றின் எஞ்சின் கணினிப் பலகையில், ஈயப் பற்றவைப்பு இடங்களிலோ மின்பாதுகாப்பு உறுப்பிலோ விரிசல் விழக்கூடும் என்பது காரணம். அதனால் வண்டி எழும்பாமலோ, ஓடும்போது அணைந்தோ போகக்கூடும் என்று கண்டார்கள். பெரிய நிறுவனமும் தன் பெட்டியில் பிழை உண்டென்று பகிரங்கமாய் ஒப்புக்கொண்ட சம்பவம் அது.

நம் ஊர்ப்பக்கத்தில் பெட்டி சாவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மனிதர் கையால் நேருபவை. பேட்டரி இறங்கிய காருக்கு, உதவி செய்யும் நல்ல மனதோடு லாரியின் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கொடுப்பது ஒன்று. 12 வோல்ட் வண்டிக்கு அது ஆபத்து. பேட்டரி முனைகளை மாற்றி இணைப்பது மற்றொன்று. சரக்குப் பெட்டியின் கம்பி முறிந்தால், பேட்டரியைக் கழற்றாமலே வண்டியில் வெல்டிங் வைப்பது வேறொன்று. வாட்டர் சர்வீஸில் எஞ்சின் அறைக்குள் வேகமாய்த் தண்ணீர் அடிப்பதும், வெள்ளத்தில் நின்ற வண்டியை உலர்த்தாமல் சாவியைத் திருகுவதும் அவ்வாறே. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தின்போது, நீரில் நின்ற வண்டியை எழுப்பிப் பார்க்கவேண்டாம் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கப்பட்டதை நீங்கள் நினைவுகூரலாம்.

பெட்டி உண்மையாகவே எரிந்திருந்தால், கேட்கவேண்டிய அடுத்த கேள்வி "ஏன் எரிந்தது?" என்பது. இக்னிஷன் காயில் ஒன்றோ இன்ஜெக்டர் ஒன்றோ ஷார்ட் ஆகி, அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்திருந்தால், காயிலை மாற்றாமல் பெட்டியை மாத்திரம் மாற்றுவது வீண். புதிய பெட்டியும் அதே வழியில் எரியும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் காரியத்தை மாத்திரம் சரிசெய்கிறவன், அதே செலவை மறுபடியும் செய்வான்.

மாற்றும்போது அறியவேண்டியவை

அரித்த எர்த் வயரை முதல் நாளே கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாலும், நாம் வாங்கிய அந்தப் பழைய பெட்டி நம் வேனை எழுப்பியிருக்காது என்று எலக்ட்ரீஷியன் சொன்னது எனக்குப் புதிய செய்தி. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில், சாவிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதன் இரகசிய எண்ணைக் கணினி அறிந்திருந்தால்தான் எரிபொருள் கொடுக்கும். வேறொரு வண்டியிலிருந்து வந்த பெட்டி, அந்த வண்டியின் சாவியைத்தான் அறியும். நம் சாவியை அந்நியனாய்ப் பார்க்கும். அதை நம் வண்டிக்குப் பழக்க, உரிய கருவியும் உரிமையும் உள்ளவர் புரோகிராம் செய்யவேண்டும். சில மாடல்களில் பழைய பெட்டியை வேறு வண்டிக்குப் பழக்கவே முடியாது.

ஆகவே பெட்டியை வாங்குமுன் கவனிக்கவேண்டியவற்றைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் உள்ள உதிரிப்பாக எண்ணும் மென்பொருள் எண்ணும் ஒத்திருக்கவேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பது போதாது. வண்டியின் சேஸ் எண்ணையும் இம்மொபிலைசரையும் அதில் பதிப்பவர் யார், அதற்கு என்ன கூலி என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ளவேண்டும். காமன் ரெயில் டீசல் வண்டிகள் பலவற்றில், ஒவ்வொரு இன்ஜெக்டரின்மேலும் உள்ள திருத்தக் குறியீட்டைப் புதிய கணினியில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் எஞ்சின் சீராய் ஓடாது. கப்ளரைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை எடுத்துவிடவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, பழைய பெட்டியைத் தூர எறியாதீர்கள். பட்டறையில் விட்டும் வராதீர்கள். வண்டியின் அடையாளங்கள் அதில்தான் இருக்கின்றன. எரிந்த ஒரு டிரான்சிஸ்டரையோ, கசிந்த ஒரு கெப்பாசிட்டரையோ மாற்றி அதே பெட்டியைப் பிழைக்கவைக்கும் தொழிலாளிகள் நகரங்களில் இருக்கிறார்கள். அது முடியாதபோதும், பழைய பெட்டியின் நினைவகத்திலிருந்த தகவலை அதே எண்ணுள்ள வேறொன்றில் பெயர்த்து எழுத வாய்ப்புண்டு. நாமும் பழைய பெட்டியைப் பட்டறையில் விட்டிருந்தால், அந்தப் பெரியவர் எதை மாட்டி வண்டியை எழுப்பியிருப்பார்?

கண்டுபிடித்தலுக்கும் கூலி உண்டு

அன்பானவர்களே, பட்டறைக்காரர்மேல் பழியைப் போட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு. ஒரு தொழிலாளி இரண்டு மணி நேரம் வயர் வயராய்ப் பார்த்து, ஒரு போல்ட்டைத் துடைத்துவிட்டு ஆயிரம் ரூபாய் கேட்டால், "ஒரு போல்ட்டை முடுக்கியதற்கு ஆயிரமா?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் ஒரு பெட்டியை மாற்றிவிட்டு இருபதாயிரம் கேட்டால், கையில் சாமான் வந்தது என்று திருப்தியடைந்து கொடுத்துவிடுகிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்று நாமே கற்றுக்கொடுத்தால், பட்டறைகளும் கண்டுபிடிப்பதை விட்டு மாற்றுவதையே தொழிலாக்கிக்கொள்ளும். அறிவுக்குக் கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் அறியாமைக்கு அதைவிட அதிகமாய்க் கொடுக்கிறார்கள். நாம் கொடுத்தோம்.

நாம் வாழும் ஊரின் பெயரே அதியமானின் கோட்டை. அந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய ஆயுதங்கள் மாலை சூட்டி நெய் பூசப்பட்டு அழகாய் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று பாடியது புறநானூற்றில் உள்ளது. உழைத்த கருவிதான் கொல்லனிடம் போகும் என்பதை அந்தப் புலவர் அன்றே அறிந்திருந்தார். பழுது வருவது அவமானமில்லை. பழுதைச் சீராக்கும் கொல்லனின் கை ஊருக்குத் தேவையான கை. நம் ஊரில் அப்படிப்பட்ட கை ஒன்று ஓய்வுபெற்று வீட்டில் இருந்தது. நான் அதைத் தேடவில்லை. தேடச் சொன்ன மூப்பரின் வார்த்தையையும் மதிக்கவில்லை.

கமிட்டியின் சம்மதத்தோடு மூன்று காரியங்களை உங்களுக்கு அறிவிக்கிறேன். முதலாவது, அந்த 18,000 ரூபாயில் என்னால் இயன்றதை மாதந்தோறும் என் சம்பளத்திலிருந்து சபைக் கணக்கில் சேர்ப்பேன். இரண்டாவது, இனிச் சபையின் வண்டிக்கோ கட்டடத்துக்கோ ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பழுது வேலை எதுவானாலும், இரண்டு பேரிடம் காட்டி எழுத்தில் வாங்கிய பின்பே செய்யப்படும். மூன்றாவது, வேனின் பேட்டரி முனைகளையும் எர்த் இணைப்புகளையும் ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு, அந்தப் பெரியவரே சம்மதித்திருக்கிறார். அவர் கேட்பதைவிடக் குறைவாய்க் கொடுக்கமாட்டோம்.

இவை பணத்தைப் பற்றியவை. பணத்தால் ஈடுசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. அந்தத் தம்பி மாட்டிய பாட்டுச் செட்டின் வயர் தனி பியூஸோடு ஒழுங்காய்ப் போடப்பட்டிருந்தது. கணினியின் பாதையை அது தொடவே இல்லை என்று எலக்ட்ரீஷியன் காட்டினார். அந்த எர்த் வயர் ஒரு வாரத்தில் அரித்ததும் இல்லை. பல மழைக்காலங்களில் அரித்தது. பெட்டியைச் சோதிக்க நாம் ஒரு சாட்சியையாவது அழைத்தோம். அந்த மனிதனைச் சோதிக்க ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. ஒரு பேச்சு எழுந்தது. என் மௌனம் அதற்கு முத்திரையிட்டது.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். அவருடைய தாயார் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தம்பி அதிகம் பேசவில்லை. "வண்டி ஓடுகிறதா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஓடுகிறது என்றேன். வேனின் சாவி இன்னும் என் மேசையின்மேல் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும்படி அவரை நான் நெருக்கவில்லை. அன்று கமிட்டியில் தலையசைத்தவர்கள் ஒவ்வொருவராய் அவர் வீட்டுக்குப் போய்வரும்படி, இந்த எழுத்தின் மூலம் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி நின்றால் எர்த்தைப் பாருங்கள். ஒருவர்மேல் பேச்சு எழுந்தால், அவரை அழைத்து அவர் சொல்வதையும் கேளுங்கள். இரண்டையும் நான் செய்யத் தவறினேன், நீங்கள் தவறவேண்டாம்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களிலும் உங்கள் பிரயாணங்களிலும் தங்கியிருப்பதாக.

உங்கள் போதகர்,
அதியமான்கோட்டை